தண்ணீரோடு போகும் சத்து

மனித உடலுக்கு வேண்டிய வைட்டமின்கள் மொத்தம் 13. ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. மீதி ஒன்பதும் நீரில் கரைபவை. பி குடும்பத்தின் எட்டு வைட்டமின்களும் வைட்டமின் சியும் சேர்ந்தவை இந்த ஒன்பது. தயமின் (பி1), ரிபோஃப்ளேவின் (பி2), நியாசின் (பி3), பான்டோதெனிக் அமிலம் (பி5), பைரிடாக்சின் (பி6), பயோட்டின் (பி7), ஃபோலேட் (பி9), கோபாலமின் (பி12) என்பவை அந்த எட்டு. வரிசையில் இடையே காணாமல்போன எண்களுக்கு உரியவை ஒரு காலத்தில் வைட்டமின் என்று எண்ணப்பட்டு, பின்னர் அப்படியல்ல என்று தெரிந்ததும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவை.

நீரில் கரைவது என்ற ஒரே குணம் இவற்றின் போக்கு முழுவதையும் தீர்மானிக்கிறது. கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் பொதுவாக ஈரலிலும் கொழுப்புத் திசுவிலும் மாதக்கணக்கில் தங்கும். அளவு மீறினால் அங்கேயே குவிந்து நஞ்சாகவும் மாறும். நீரில் கரைபவை குடலிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போகின்றன. தேவைக்கு மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவது, அதிலிருந்த ரிபோஃப்ளேவினில் பெரும்பகுதி வெளியேறுவதற்கான அடையாளம்தான்.

ஆகவே கையிருப்பு சொற்பம். உடலில் இருக்கும் தயமின் ஏறத்தாழ 30 மில்லிகிராம். வரவு நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துபோகும். வைட்டமின் சி 1,500 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். அது அறவே கிடைக்காவிட்டால் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் நோய் தலைகாட்டும். ஃபோலேட் சில மாதங்கள் தாங்கும். பி12 மட்டும் விதிவிலக்கு. நீரில் கரைந்தாலும் ஈரலில் ஆண்டுக்கணக்கில் தங்கும். இந்த விதிவிலக்கே பின்னால் ஒரு சிக்கலுக்கும் காரணமாகிறது.

இந்த வைட்டமின்கள் தாமாகச் சக்தி தருவதில்லை. ஒரு மாத்திரையிலோ ஊசியிலோ உள்ள பி வைட்டமினின் கலோரி மதிப்பு பூஜ்யம் என்றே சொல்லலாம். சோற்றிலும் எண்ணெயிலும் பருப்பிலும் இருக்கும் சக்தியை உடல் வெளியே எடுக்க நொதிகள் வேலை செய்ய வேண்டும். அந்த நொதிகளுக்குத் துணையாக நிற்பவை பி வைட்டமின்கள். துணை இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும். ஆனால் இரண்டு பங்கு துணை கொடுத்தால் வேலை இரண்டு மடங்காகிவிடாது. குறைபாடு இல்லாதவருக்குச் சத்து ஊசி போட்டுத் தெம்பு வரவழைப்பதாகச் சொல்வது வியாபாரம், மருத்துவம் அல்ல.

கோழிகள் காட்டிய வழி

இந்த உண்மைகள் தெரியவந்ததன் தொடக்கம் அரிசி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி ஆலைகள் பரவி, தவிடும் முளையும் நீங்கிய வெள்ளை அரிசி ஆசியாவெங்கும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. கூடவே பெரிபெரியும் பரவியது. கால் மரத்து, நடை தளர்ந்து, சிலருக்கு உடல் வீங்கி, இதயம் செயலிழந்து உயிர் போகும் நோய் அது. கப்பல்களிலும் சிறைகளிலும் படை முகாம்களிலும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் விழுந்ததால் கிருமிதான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள்.

டச்சு ஆட்சியில் இருந்த ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் அந்தக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனது. பிறகு தாமாகவே தேறின. விசாரித்ததில், இடைப்பட்ட காலத்தில் அவற்றுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டது தெரிந்தது. புதிதாக வந்த சமையல்காரர் ராணுவச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்துவிட்டார். கோழிகள் மறுபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பி, பிழைத்துக்கொண்டன. இதைக் கேட்ட அடோல்ஃப் வோர்டர்மன் என்ற அதிகாரி ஜாவாவின் சிறைகளில் கணக்கெடுத்தார். வெள்ளை அரிசி போடப்பட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் பெரிபெரி இருந்தது. தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர்.

எய்க்மான்கூட முதலில் தவறாகவே புரிந்துகொண்டார். வெள்ளைச் சோற்றில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்பது அவர் எண்ணம். 1901இல் அவருக்குப் பின் வந்த ஹெரிட் ஹ்ரைன்ஸ்தான் அதைத் திருப்பிப் போட்டார்: சோற்றில் நஞ்சு சேரவில்லை, தேவையான ஒன்று இல்லாமல் போயிருக்கிறது. ஒரு பொருள் இல்லாததாலேயே நோய் வரும் என்ற எண்ணம் அன்றைய மருத்துவத்துக்குப் புதிது. 1912இல் காசிமிர் ஃபங்க் அத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்ற பெயரை முன்வைத்தார். 1926இல் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

குன்னூரும் புழுங்கல் அரிசியும்

சென்னை மாகாணத்துக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. 1918இல் ராபர்ட் மெக்கரிசன் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓர் அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

மெக்கரிசனும் அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டும் விடை தேடிய புதிர் இது. மாகாணம் ஒன்று, உணவு அரிசி, ஏழ்மையும் ஏறக்குறைய சமம். ஆனால் பெரிபெரி வடசர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களிலேயே மையம் கொண்டிருந்தது. தமிழ் மாவட்டங்களில் அரிதாகவே தென்பட்டது. வடக்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி. தெற்கே ஏழைகள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. வேறுபாடு அவ்வளவுதான்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் இறங்குகிறது. சூட்டில் மாவுச்சத்து இறுகி அதை உள்ளேயே பிடித்துக்கொள்கிறது. பிறகு உமியும் தவிடும் போனாலும் சத்தில் கணிசமான பங்கு அரிசியில் நிற்கிறது. களையும்போதும் குறைவாகவே கரைகிறது. நெல் அவித்தவர்கள் வைட்டமினை நினைத்து அவிக்கவில்லை. அரிசி நொறுங்காமல் இருக்க வேண்டும், பூச்சி விழாமல் நெடுநாள் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு பல தலைமுறைகளை ஒரு கொடிய நோயிலிருந்து காப்பாற்றியது. தயமினை அழிக்கும் அதே தண்ணீர் இங்கே அதைக் காக்கவும் செய்திருக்கிறது.

இன்றைய சமையலறையில் நிலைமை தலைகீழாகிக்கொண்டிருக்கிறது. நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை நான்கு முறை களைந்தால் எஞ்சியிருக்கும் தயமினில் கால்பங்கிலிருந்து பாதிவரை களைந்த நீரில் போய்விடும். நிறைய தண்ணீர் வைத்து வடித்தால் வடிகஞ்சியோடு இன்னொரு பங்கு. முன்பெல்லாம் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தார்கள், அல்லது மாட்டுத் தொட்டியில் ஊற்றினார்கள். சேலைக்கும் வேட்டிக்கும் மொடமொடப்பு ஏற்றவும் அது போனது. பி வைட்டமின் பார்வையில், துணிக்குப் போன கஞ்சி மட்டுமே வீண். சாக்கடைக்குப் போவதற்கு அதுவும் மேல். இரண்டு முறை களைந்து, அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் சமைத்தால் இந்த இழப்பு பெருமளவு தவிர்க்கப்படும். பருப்பும் கொண்டைக்கடலையும் சீக்கிரம் வேக ஆப்பசோடா சேர்ப்பது இன்னொரு கேடு. காரம் பட்டால் தயமின் சிதைகிறது.

பெரிபெரி ஒழிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். காஷ்மீரில் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சில மாதக் குழந்தைகள் மூச்சுத்திணறலோடும் மயக்கத்தோடும் கொண்டுவரப்பட்டு, தயமின் ஊசி போட்ட சில மணி நேரத்தில் தேறியதை மருத்துவர்கள் அண்மைக்காலத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். நன்கு தீட்டிக் கழுவிய வெள்ளைச் சோறும் பிரசவத்துக்குப் பிந்தைய கடுமையான உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்து தாய்ப்பாலில் தயமினை வற்றச் செய்திருந்தன. பத்தியம் என்ற பெயரில் பருப்பு, காய், மீன் எல்லாவற்றையும் விலக்கிவைக்கும் வீடுகள் கவனிக்க வேண்டிய செய்தி இது. பெரியவர்களில் அதிகம் அவதிப்படுவோர் குடிநோயாளிகள். மது தயமின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, சாப்பாடும் குறைந்துபோகிறது. விளைவாக மூளை பாதிக்கப்பட்டு, பார்வை தடுமாறி, நடை தள்ளாடி, நினைவு நிரந்தரமாக அழியலாம். அதனால்தான் அத்தகையவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றும்போது அதற்கு முன்பாகவோ கூடவோ தயமின் கொடுக்கிறார்கள்.

ஒரே முற்றுகை, இரண்டு நோய்கள்

1915 டிசம்பர் முதல் 1916 ஏப்ரல் வரை மெசபடோமியாவின் கூட் நகரில் பிரிட்டிஷ்-இந்தியப் படை துருக்கியரின் முற்றுகையில் சிக்கியிருந்தது. ஒரே ஊர், ஒரே பட்டினி. ஆனால் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வந்தது பெரிபெரி. இந்தியச் சிப்பாய்களுக்கு வந்தது ஸ்கர்வி. வெள்ளை மாவு ரொட்டி சாப்பிட்ட பிரிட்டிஷாருக்குத் தயமின் இல்லை. அவர்கள் சாப்பிட்ட குதிரை இறைச்சியில் சிறிதளவு வைட்டமின் சி இருந்தது. இந்தியர்கள் தவிடு நீக்காத மாவும் பருப்பும் சாப்பிட்டதால் தயமின் கிடைத்தது; குதிரை இறைச்சியை மறுத்ததால், காய்கறியும் இல்லாத நிலையில், வைட்டமின் சி கிடைக்கவில்லை. வெள்ளை மாவு தீர்ந்து பிரிட்டிஷாரும் பார்லி கலந்த மாவுக்கு மாறியதும் அவர்களுடைய பெரிபெரி நின்றது. நீரில் கரையும் வைட்டமின்களை ஒரே பொருளாகப் பாவிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஸ்கர்வி கடலோடிகளின் நோய் என்றே அறியப்பட்டிருந்தது. 1747இல் சாலிஸ்பரி என்ற கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவாகத் தேறினார்கள். மருத்துவ வரலாற்றின் முதல் ஒப்பீட்டுச் சோதனைகளில் ஒன்று அது. இருந்தும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795இல்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு வீணானது. அந்தப் பொருளை 1928இல் பிரித்தெடுத்த ஹங்கேரியர் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜிக்கு, பின்னாளில் அவர் ஊரான செகெடின் குடமிளகாய் அதை ஏராளமாகத் தந்தது. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆடும் மாடும் தமக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. மனிதனும் குரங்கினங்களும் அதற்கான கடைசி நொதியைப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டன. தோல், எலும்பு, ஈறு, ரத்தக்குழாய் எல்லாவற்றையும் கட்டி நிறுத்தும் கொலாஜன் என்ற புரதம் உறுதிபெற வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் ஈறு வீங்கிக் கசியும், பழைய தழும்பும் பிரியும். சைவ உணவுக்காரர்களுக்கு இதில் இன்னொரு பெரிய பயன் உண்டு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் ஒட்டாது. அதே வேளையில் வைட்டமின் சி சேர்ந்தால் உறிஞ்சப்படும் அளவு வெகுவாகக் கூடும். சுண்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்காக மட்டும் என்று இருக்க வேண்டியதில்லை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது இதற்கு நேர்மாறான வேலையைச் செய்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வைட்டமின் சி தேவை. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதாவது ஒரு சிறு கொய்யாவே போதும். நெல்லிக்காயைப் பற்றிப் பழைய அட்டவணைகள் நூறு கிராமுக்கு 600 மில்லிகிராம் என்றன; 2017இல் வந்த புதிய அட்டவணை 250ஐ ஒட்டியே காட்டுகிறது. அதுவும் ஆரஞ்சைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். 1940ஐ ஒட்டி ஹிசார் பகுதியில் பஞ்சத்தின்போது ஸ்கர்வி பரவியபோது நெல்லிக்காய்ப் பொடியில் செய்த மாத்திரை கொடுத்தே கட்டுப்படுத்தினார்கள். கறிவேப்பிலையும் முருங்கைக்கீரையும் பச்சைமிளகாயும் இந்த வரிசையில் வருபவை. உலர்ந்த பயறில் இல்லாத வைட்டமின் சி அதை முளைகட்டினால் உண்டாகிறது.

ஒன்பதிலும் மிக மென்மையானது இதுதான். சூடு, காற்று, நீர் மூன்றும் இதற்குப் பகை. நறுக்கிய காயைத் தண்ணீரில் ஊறப்போடுவதும், காலையில் நறுக்கி மாலையில் சமைப்பதும், கீரையை வேகவைத்த நீரைக் கொட்டுவதும் இழப்பைக் கூட்டும். கழுவிய பிறகு நறுக்குவது, கொஞ்சம் நீரில் மூடிவைத்துச் சீக்கிரம் வேகவைப்பது, ரசத்தை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவது எல்லாம் செலவில்லாத வழிகள். சளிக்கு இது மருந்து என்ற நம்பிக்கை, 1970இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங் எழுதிய நூலால் உலகெங்கும் பரவியது. பிறகு நடந்த ஏராளமான சோதனைகளின் முடிவு அடக்கமானது: தினமும் எடுத்தாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை, பிடித்த சளி ஓரளவு சீக்கிரம் விடுகிறது. பெரியவர்களில் அந்தக் குறைவு எட்டு சதவீதம் அளவுதான்.

நடுவில் நிற்பவை

ரிபோஃப்ளேவின் குறைந்தால் வாயோரம் வெடிக்கும், நாக்கு சிவந்து எரியும். பால், முட்டை, கீரை, பயறு ஆகியவற்றில் கிடைக்கும் இது வெளிச்சம் பட்டால் அழியும். பாலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலில் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இட்லி மாவு புளிக்கும்போது சில பி வைட்டமின்கள் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நியாசின் இல்லாவிட்டால் வருவது பெலாக்ரா. வெயில் படும் இடங்களில் தோல் கருகினாற்போல் உரியும், வயிற்றுப்போக்கு வரும், முற்றினால் மனம் பேதலிக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தை நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் பரவியிருந்த இதை, தொற்றுநோய் அல்ல, உணவுக் குறைபாடே என்று 1914 முதல் ஜோசஃப் கோல்ட்பெர்கர் விடாப்பிடியாக நிறுவினார். மக்காச்சோளத்தில் நியாசின் இருக்கிறது. உடலுக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோவின் பழங்குடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்ததால் கட்டு அவிழ்ந்து நோயிலிருந்து தப்பினார்கள். தானியத்தை மட்டும் கொண்டுபோன ஐரோப்பியர்கள் அந்த முறையைக் கொண்டுபோகவில்லை. இந்தியாவில் தக்காணப் பீடபூமியில் வெள்ளைச்சோளம் சாப்பிட்டவர்களிடம் பெலாக்ரா காணப்பட்டது. சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன், ஸ்ரீகாந்தியாவுடன் சேர்ந்து, சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலமே காரணமாகலாம் என்று 1960இல் முன்வைத்தார். அந்த விளக்கம் நெடுநாள் விவாதிக்கப்பட்டது. உணவில் பல தானியங்கள் கலந்ததும் நோய் அரிதாகிவிட்டது.

பைரிடாக்சின் பற்றி காசநோயாளிகளுக்குத் தெரிந்திருக்கும். ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்து உடலின் பைரிடாக்சினைச் செயலிழக்கச் செய்து கைகால்களில் எரிச்சலையும் மதமதப்பையும் உண்டாக்குகிறது. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையத்தின் சோதனைகள், சிறிய அளவு பைரிடாக்சின் கூடவே கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்று காட்டின. இன்று அது வழக்கமாகிவிட்டது. அதே பைரிடாக்சினை மாதக்கணக்கில் பெரிய அளவில் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

பான்டோதெனிக் அமிலம் ஏறக்குறைய எல்லா உணவிலும் இருப்பதால் குறைபாடு அபூர்வம். பயோட்டினும் அப்படியே. முடி வளரும் என்ற விளம்பரத்தில்தான் இன்று பயோட்டின் வாழ்கிறது. குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்த்ததற்கு நல்ல சான்று கிடையாது. ஆனால் அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையும் பிழையான முடிவு காட்டக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதை எச்சரித்தது. முடிக்கான மாத்திரை சாப்பிடுபவர் ரத்தம் கொடுக்கும்முன் அதைச் சொல்ல வேண்டும்.

திருவல்லிக்கேணி வழியாக ஒரு வைட்டமின்

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவிதக் கடும் ரத்தசோகையை ஆராய்வது அவர் பணி. ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவில் பெரிதாகிவிடும் சோகை அது. இரும்புச்சத்துக்கு மசியவில்லை. பம்பாயிலிருந்து குன்னூர், பிறகு 1931இல் சென்னை கோஷா மருத்துவமனை என்று அவர் ஆய்வு தொடர்ந்தது. ஈரல் சாறு குணப்படுத்தியது; ஆனால் விலை அதிகம். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறும் அதே அளவு குணம் தந்தது. ஏதோ ஒரு புதிய பொருள் அதில் இருப்பதாக வில்ஸ் 1931இல் எழுதினார். பத்தாண்டு கழித்து, பசலைக்கீரை இனத்தின் இலையிலிருந்து பிரிக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது அதுதான்.

அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி 1945இல் அறிவித்தது லெடர்லி நிறுவனத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ் பள்ளிப்படிப்பை முடித்தது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில். வில்ஸ் கர்ப்பிணிகளைக் கவனித்த கோஷா மருத்துவமனை இருப்பதும் திருவல்லிக்கேணியில்தான். ஃபோலிக் அமிலத்தை முடக்கும் மருந்துகளையும் அதே குழு உருவாக்கியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் இன்றும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் அந்த வழியில் வந்தது.

புதிய செல் உருவாகும் இடமெல்லாம் ஃபோலேட் வேண்டும். அதனால்தான் கருவுக்கு அது இவ்வளவு முக்கியமாகிறது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. பெரும்பாலான பெண்களுக்குக் கர்ப்பம் உறுதியாவதே அதையொட்டித்தான். குழாய் சரியாக மூடாவிட்டால் குழந்தை தண்டுவடப் பிளவோடு பிறக்கும். ஏற்கெனவே அப்படி ஒரு கர்ப்பம் கண்ட பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் மறுபடி நேரும் ஆபத்து 72 சதவீதம் குறைவதை, 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சோதனை காட்டியது. கருத்தரிக்கக்கூடிய எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரைக்கப்படும் அளவு நாளைக்கு 400 மைக்ரோகிராம். 1998 முதல் அமெரிக்கா தானிய மாவில் இதைக் கட்டாயமாகச் சேர்க்கிறது. இந்தியாவில் ரேஷன் கடையில் வரும் செறிவூட்டிய அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் உண்டு. பிளாஸ்டிக் அரிசி என்று சந்தேகித்து, செறிவூட்டிய மணிகளைப் பொறுக்கி எறிவது பரிதாபம்.

பி12: மெதுவாகத் தீரும் இருப்பு

பி12ஐ எந்தச் செடியும் எந்த விலங்கும் தயாரிப்பதில்லை. நுண்ணுயிர்கள் மட்டுமே தயாரிக்கின்றன. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்க, அது பாலுக்கும் இறைச்சிக்கும் வருகிறது. மனிதக் குடலிலும் அத்தகைய நுண்ணுயிர்கள் உண்டு. ஆனால் அவை இருப்பது உறிஞ்சும் இடத்தைத் தாண்டிய பெருங்குடலில் என்பதால் பயனில்லை. பழைய சோற்றிலும் சுருள்பாசி மாத்திரையிலும் பி12 கொட்டிக்கிடப்பதாகச் சொல்லப்படுவதை நம்பி இருக்க முடியாது. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் உடலுக்கு உதவாத போலி வடிவம்.

நாளைக்குத் தேவை இரண்டிலிருந்து இரண்டரை மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் இரண்டரைப் பங்கு. அதை உடலுக்குள் கொண்டுபோகும் வழி நீளமானது. இரைப்பை அமிலம் அதை உணவிலிருந்து பிரிக்க வேண்டும்; இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும்; சிறுகுடலின் கடைசிப் பகுதி அந்த இணையை அடையாளம் கண்டு உள்ளிழுக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் தடை வந்தாலும், சாப்பாட்டில் பி12 எவ்வளவு இருந்தும் பயனில்லை. வயதானால் அமிலம் குறைகிறது. நெஞ்செரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் ஒமிப்ரசோல் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கும் குறைகிறது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் சிறுகுடலில் உறிஞ்சுவதைப் பாதிக்கிறது. இவற்றோடு சைவ உணவும் சேர்ந்தால் குறைபாட்டுக்கு வழி அகலமாகத் திறக்கிறது. ஒரு டம்ளர் பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவாகவே பி12 உண்டு; பாலும் தயிரும் போதிய அளவு சேர்க்காத சைவர்கள் ஆபத்தின் விளிம்பில் இருக்கிறார்கள். மத்தி மீன் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஈரலில் இரண்டு முதல் ஐந்து மில்லிகிராம் வரை சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில ஆண்டுகள் ஆகும். அதுதான் வஞ்சனை. அசதி, மறதி, நாக்கு எரிச்சல், பாதத்தில் ஊசி குத்தும் உணர்வு எல்லாம் வயதின் தலையில் கட்டப்படுகின்றன. நீரிழிவு உள்ளவருக்குக் கால் மரத்தால் சர்க்கரையே காரணம் என்று முடிவுகட்டப்படுகிறது. மெட்ஃபார்மின் குறைத்துவிட்ட பி12ஐ யாரும் தேடுவதில்லை. இன்னொரு மறைப்பும் உண்டு. பி12 குறைந்தாலும் ஃபோலேட் குறைந்தாலும் வரும் ரத்தசோகை ஒரே மாதிரி இருக்கும். ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும். பி12 குறைவால் நரம்பு கெட்டுக்கொண்டே போகும். கெட்ட நரம்பு நெடுநாள் ஆகிவிட்டால் முழுதாகத் திரும்புவதில்லை.

1926இல் மைனாட்டும் மர்ஃபியும் தினமும் ஈரலைச் சாப்பிடவைத்தே பி12 குறைவால் வரும் சோகையைக் குணப்படுத்தினார்கள். அதுவரை அது உறுதியான மரணம். 1948இல் பி12 சிவப்புப் படிகமாகப் பிரிக்கப்பட்டது. அதன் சிக்கலான அமைப்பை எக்ஸ்கதிர் கொண்டு 1956இல் தெளிவுபடுத்தியவர் டோரதி ஹாட்ஜ்கின். இன்று ஊசியும் மாத்திரையும் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

யாருக்கு மாத்திரை

பலவகைக் காயும் பருப்பும் பாலும் முட்டையும் மீனும் கலந்து சாப்பிடும் ஆரோக்கியமானவருக்கு இந்த ஒன்பதுக்கும் மாத்திரை தேவையில்லை. மிச்சம் சிறுநீரில் போய்விடும், அதனால் கேடில்லை என்ற சமாதானமும் முழு உண்மையல்ல. நாளைக்கு இரண்டு கிராமுக்கு மேல் வைட்டமின் சி வயிற்றுப்போக்கைத் தரும். சிறுநீரகக் கல் வரும் இயல்புள்ளவருக்கு அதற்குக் குறைந்த அளவும் ஆபத்து. பெரிய அளவு நியாசின் முகத்தைச் சிவக்கவைத்து, ஈரலையும் தாக்கலாம். பைரிடாக்சின் நரம்பைக் கெடுப்பது மேலே சொல்லப்பட்டது.

மாத்திரையோ ஊசியோ கட்டாயம் வேண்டியவர்கள் வேறு. கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள், காசநோய் மருந்து எடுப்பவர்கள், குடிநோயாளிகள், இரைப்பையிலோ குடலிலோ அறுவை செய்துகொண்டவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், பால்கூடச் சேர்க்காத முழுச் சைவர்கள் அந்தப் பட்டியலில் வருவார்கள். இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். நான்கைந்து ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களும், அறுபதைத் தாண்டிய சைவ உணவுக்காரர்களும், காரணம் தெரியாமல் கால் மரப்பவர்களும் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பி12 பரிசோதனையைக் கேட்டு எழுதி வாங்குங்கள்; ஃபோலிக் அமிலத்தைத் தாமாக வாங்கிச் சாப்பிட்டு அதைத் தள்ளிப்போடாதீர்கள்.